டிசைன் சிஸ்டத்தின் புதிய பதிப்பை எல்லா புராடக்டுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

ஓஎம்ஆரில் ஒரு ஆபீஸ், கிண்டியில் இன்னொன்று, அமெரிக்காவில் ஒரு சின்ன டீம். 30 வெப் புராடக்ட், 4 மொபைல் ஆப். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே டிசைன் சிஸ்டம், அதாவது நிறம், எழுத்துரு, பட்டன் போன்ற காம்பொனென்டுகள் எல்லாம் அடங்கிய ஒரே லைப்ரரி. அதன் 4-ஆம் பதிப்பில் இருப்பவர்களை எல்லாம் 5-க்கு நகர்த்த வேண்டும். புதிய நிறங்கள், புதிய எழுத்துரு, 36 பிக்சல் பட்டன் இனி 40 பிக்சல், சில காம்பொனென்டுகளின் ப்ராப் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) பெயர்களும் மாறுகின்றன. சென்னையின் பெரிய சாஸ் (இணையம் வழியாக மென்பொருளைச் சந்தாவுக்குத் தரும்) கம்பெனி எதிலும் வரக்கூடிய நிலவரம்தான் இது. இந்த வேலையைக் கையில் எடுக்கும் டிசைன் சிஸ்டம் டீமுக்கான வழிமுறை இது.

ஒரு விதியை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தோற்றமும் கோடும் ஒரே ரிலீசில் மாறக் கூடாது. பட்டனின் நிறமும் அதன் ப்ராப் பெயரும் ஒரே நாளில் மாறினால், ஸ்க்ரீன் உடையும்போது எதனால் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரோல்பேக் செய்தால், அதாவது முந்தைய பதிப்புக்குத் திரும்பினால், இரண்டும் சேர்ந்தே திரும்பிப்போகும். அந்த டீமை மறுபடி சம்மதிக்க வைப்பது பெரும்பாடு. ஆகவே முதலில் பழைய தோற்றத்தோடு புதிய கோட் போகட்டும். அது ப்ரொடக்‌ஷனில் ஓடி, கண்ணுக்கு எதுவும் மாறவில்லை என்று உறுதியான பிறகு ஃபிளாகை (புதிய தோற்றத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) திருப்பித் தோற்றத்தை மாற்றுங்கள்.

முதலில் எண்ணுங்கள்

"உங்கள் புராடக்டுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று டீம்களிடம் கேட்டுப் பயனில்லை. தெரியாது என்பதால் ஒரு டீம் இரண்டு வாரம் என்னும், பயத்தில் இன்னொரு டீம் ஆறு மாதம் என்னும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லா ரெப்போக்களையும் (கோட் களஞ்சியங்கள்) அலசுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் வேண்டும். லாக்ஃபைலில் உண்மையாக இருக்கும் லைப்ரரி பதிப்பு எது (பேக்கேஜ் ஃபைலில் எழுதியிருப்பது வேறு, இன்ஸ்டால் ஆவது வேறு). ஒவ்வொரு காம்பொனென்டும் எத்தனை இடத்தில் இம்போர்ட் ஆகிறது. நேரடியாக எழுதப்பட்ட நிற மதிப்புகள் எத்தனை. லைப்ரரியின் உள் கிளாஸ்களைப் பிடித்து மேலெழுதும் சிஎஸ்எஸ், அதாவது ஓவர்ரைடு, எத்தனை.

நாள் கணக்கைத் தீர்மானிப்பது நான்காவது எண்தான். 2,000 இம்போர்ட் இருந்தாலும் அதை மெஷின் மாற்றிவிடும். 60 ஓவர்ரைடு என்றால் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரீனாகத் திறந்து பார்த்தாக வேண்டும். ஆரம்ப மதிப்பீட்டுக்கு ஒரு ஓவர்ரைடுக்கு அரை மணி நேரம் வையுங்கள். டேபிள், டேட் பிக்கர் என்றால் இரண்டு மணி. முதல் இரண்டு புராடக்ட் முடிந்ததும் இந்த எண்களைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே ஓவர்ரைடு ஐந்து புராடக்டில் தென்பட்டால் அது டீம்களின் தவறல்ல, லைப்ரரியில் இருக்கும் ஓட்டை. டேபிளின் வரி உயரத்தைக் குறைக்க ஐந்து பேர் தனித்தனியாக சிஎஸ்எஸ் எழுதியிருக்கிறார்கள் என்றால், 5-ஆம் பதிப்பில் "காம்பாக்ட்" அடர்த்தியைச் சேர்த்துவிட்டுப் பிறகு அவர்களிடம் போங்கள். இந்த இடத்தில் அவசரப்படுவது பின்னால் கழுத்தறுக்கும். வரி உயரம் 40 பிக்சலிலிருந்து 48 ஆனால் 720 பிக்சல் இடத்தில் 18 வரிகள் தெரிந்தது 15 ஆகிவிடும். நாள் முழுக்க இன்வாய்ஸ் பட்டியலைப் பார்க்கும் அக்கவுண்ட்ஸ்காரருக்கு நீங்கள் தந்த "காற்றோட்டமான டிசைன்" ஒரு தண்டனை.

லாக்ஃபைலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஆப்புக்குள் லைப்ரரியின் இரண்டு பிரதிகள் இருக்கிறதா? எல்லா புராடக்டும் பகிரும் ஹெடர் பேக்கேஜ் 4-ஐத் தன் சொந்த டிபென்டென்சியாக வைத்திருந்தால், ஆப் 5-க்கு வந்தாலும் ஹெடருக்குள் 4 தங்கிவிடும். தீம் கான்டெக்ஸ்ட் அதுவரை எட்டாது. பக்கம் முழுக்கப் புதிய நிறம், ஹெடரின் டிராப்டவுன் மட்டும் பழைய நிறம். பகிரப்படும் பேக்கேஜ்கள் அனைத்திலும் டிசைன் சிஸ்டம் பியர் டிபென்டென்சியாக (சொந்தப் பிரதி இல்லாமல் ஆப்பில் இருப்பதையே பயன்படுத்துவது) மட்டுமே இருக்க வேண்டும். என்பிஎம் எல்எஸ் கட்டளையை ஓட்டி இரண்டு பதிப்பு கண்ணில் பட்டால் பில்டையே தோல்வியாக்கும்படி சிஐ-யில் (கோடைத் தானாக பில்ட், டெஸ்ட் செய்யும் அமைப்பு) ஒரு படி சேர்த்துவிடுங்கள்.

டோக்கன்களுக்கு ஒரு பாலம்

டோக்கன்களை, அதாவது நிறம், அளவு போன்ற மதிப்புகளுக்கு வைத்த பெயர்களை, மூன்று அடுக்காகப் பிரியுங்கள். அடியில் வெறும் மதிப்பு: "நீலம்-600". நடுவில் பயன்பாடு: "முக்கியச் செயலின் பின்னணி". மேலே காம்பொனென்ட்: "பட்டன் பின்னணி". புராடக்ட் கோட் நடு அடுக்கை மட்டுமே தொட வேண்டும். பழைய 4-ஆம் பதிப்பின் வேரியபிள் பெயர்களை அழிக்காமல், புதிய நடு அடுக்கைச் சுட்டும் மாற்றுப் பெயர்களாக வையுங்கள். இந்தப் பாலம் இருந்தால், கோட் மாறாத மூலைகளும் ஃபிளாக் திரும்பும் நாளில் புதிய நிறத்துக்கு வந்துவிடும்.

நிறம் சிஎஸ்எஸ் வேரியபிளாக மாறும்போது இரண்டு இடங்கள் கட்டாயம் உடையும். ஒன்று, எஸ்சிஎஸ்எஸ்ஸின் "டார்க்கன்", "லைட்டன்" ஃபங்ஷன்கள். அவை பில்ட் நேரத்தில் கணக்குப் போடுபவை. பிரவுசரில்தான் தெரியவரும் வேரியபிளைக் கொடுத்தால் பில்ட் எரர் வரும். ஹோவர் நிறத்தையும் தனி டோக்கனாகக் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டாவது, சார்ட்டுகள். கேன்வாஸில் வரையும் சார்ட் லைப்ரரிக்கு வேரியபிள் பெயரைக் கொடுத்தால் அது நிறமாகப் புரிந்துகொள்ளாது. முந்தைய நிறத்திலோ கறுப்பிலோ வரைந்துவிடும். எரர் எதுவும் வராது என்பதால் கண்ணில் படவும் நாளாகும். கணக்கிடப்பட்ட ஸ்டைலிலிருந்து மதிப்பைப் படித்து எடுத்து சார்ட்டுக்குக் கொடுக்கும் ஒரு சிறு ஃபங்ஷனை நீங்களே லைப்ரரியில் வைத்துவிடுங்கள். தீம் மாறும்போது சார்ட்டை மறுபடி வரையச் சொல்வதும் அதன் பொறுப்பு.

நிறங்களைத் தேர்ந்த டிசைனர் வெள்ளைப் பின்னணியில் மட்டும் கான்ட்ராஸ்ட் பார்த்திருப்பார். சாதாரண எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (இணைய அணுகல்தன்மை விதிமுறை) கேட்பது 4.5-க்கு 1. #767676 சாம்பல் வெள்ளையில் 4.54, பாஸ், ஒரு படி வெளுத்த #777777 என்றால் 4.48, ஃபெயில். பாஸான அதே #767676-ஐ ஆர்ஜிபி 245, 245, 245 என்ற வெளிர் பின்னணியில் வைத்தால் 4.17-க்கு இறங்கிவிடும். டேபிளின் ஒன்றுவிட்டு ஒரு வரி அந்த நிறத்தில்தான் இருக்கும். எழுத்து டோக்கன் ஒவ்வொன்றையும் அது உட்காரக்கூடிய பின்னணி டோக்கன் ஒவ்வொன்றோடும் பெருக்கிப் பார்க்கும் ஒரு டெஸ்டை டோக்கன் பில்டிலேயே வையுங்கள். டெலிவரி, ஃபீல்டு சர்வீஸ் ஆப்களை மே மாத வெயிலில் அண்ணா சாலையில் நின்றபடி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 4.5 என்பது ஆரம்பப் புள்ளிதான்.

பட்டன்: ஒரு காம்பொனென்டைக் கிட்டத்தில் பார்ப்போம்

4-இல் பட்டனுக்கு "டைப்" என்ற ப்ராப் இருந்தது. பிரைமரி, செகண்டரி, டேஞ்சர் என்ற மதிப்புகளை எடுத்தது. 5-இல் அதன் பெயர் "வேரியன்ட்". "டைப்" இனி ஹெச்டிஎம்எல்லின் சொந்த டைப்பையே குறிக்கும்: பட்டன், சப்மிட், ரீசெட். பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் 4-இல் லைப்ரரி உள்ளுக்குள் "பட்டன்" என்று வைத்துக்கொண்டிருந்தது. 5-இல் அந்த இயல்பு மதிப்பு விட்டுப்போனால், ஃபார்முக்குள் இருக்கும் டைப் சொல்லாத எந்தப் பட்டனும் ஹெச்டிஎம்எல் விதிப்படி சப்மிட்தான். "ரத்து" பட்டனை அழுத்தினால் ஃபார்ம் சேமிக்கப்படும். டைப்ஸ்கிரிப்ட் இதைப் பிடிக்காது, ஸ்க்ரீன்ஷாட் ஒப்பீடும் பிடிக்காது. எனவே 5-லும் இயல்பு மதிப்பை "பட்டன்" என்றே வையுங்கள்; ஃபார்முக்குள் ரத்து பட்டனை அழுத்தி, சப்மிட் நடக்கவில்லை என்று உறுதிசெய்யும் ஒரு டெஸ்டையும் எழுதிவிடுங்கள். ப்ராப் பெயர் மாறும் ஒவ்வொரு காம்பொனென்டிலும் "பழையதில் சொல்லாமலே என்ன நடந்தது?" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு ஜேஎஸ்கோட்ஷிஃப்ட் வைத்து ஒரு கோட்மாட் (கோடைத் தானாக மாற்றும் ஸ்கிரிப்ட்) எழுதுங்கள். ப்ராப் மதிப்பு நேரடி எழுத்தாக இருந்தால் மாற்றட்டும். கண்டிஷனாக இருந்து இரண்டு பக்கமும் நேரடி எழுத்து என்றால் மாற்றட்டும். ப்ராப்களை மொத்தமாகப் பரப்பிக் கொடுக்கும் இடத்திலும், மதிப்பு வேறு ஃபைலிலிருந்து வரும் இடத்திலும் அது ஊகிக்கவே கூடாது. அங்கே ஒரு டூடூ கமென்டை வைத்துவிட்டு, ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் அறிக்கையில் எழுதினால் போதும். ஒரே ரெப்போவில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை எந்த மாற்றமும் வரக் கூடாது.

கோட்மாட் செய்த மாற்றம் ஒரு கமிட், கையால் செய்த திருத்தம் வேறொரு கமிட். இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள். மெயின் பிராஞ்ச் நகர்ந்து கான்ஃப்ளிக்ட் வரும்போது, கோட்மாட் கமிட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய மெயின் மேல் மறுபடி ஓட்டினால் சில நிமிடங்களில் முடியும். கலந்துவிட்டால் அதே வேலைக்கு நூற்றுக்கணக்கான ஃபைல்களில் கான்ஃப்ளிக்ட் தீர்க்க வேண்டும்.

பெரிய புராடக்ட் ஒரே வாரத்தில் முழுதாக மாறாது. பழையதும் புதியதும் அருகருகே வாழ, 5-ஐப் புதிய பேக்கேஜ் பெயரில் வெளியிடுங்கள். மெட்டீரியல் யூஐ 2021-இல் தன் 5-ஆம் பதிப்புக்கு இதைத்தான் செய்தது. ஐபிஎம்மின் கார்பனும் 11-ஆம் பதிப்பில் ரியாக்ட் பேக்கேஜின் பெயரை மாற்றியது. ஆனால் கூட்டுக்குடித்தனத்துக்கு ஒரு எல்லை உண்டு. பட்டன், டெக்ஸ்ட் ஃபீல்டு, பேட்ஜ் போன்றவை பக்கம் பக்கமாக மாறலாம். மோடல், டிராயர், டிராப்டவுன், டோஸ்ட் ஆகியவை ஒரு புராடக்டில் ஒரே பிஆரில் (புல் ரிக்வெஸ்ட், மெயினில் கோட் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) சேர்ந்து மாற வேண்டும். பழைய மோடலின் மேல் புதிய மோடல் திறந்தால் இரண்டின் ஃபோகஸ் பிடிகளும் கர்சரை மாறிமாறி இழுக்கும். கீபோர்டில் வேலை செய்பவரால் எதையும் டைப் செய்ய முடியாது. உள் மோடலை மூடும்போது வெளி மோடலின் ஸ்க்ரோல் பூட்டும் சேர்ந்து அவிழ்ந்துவிடும்.

தமிழ் எழுத்தை முதல் நாளே வைத்துப் பாருங்கள்

புதிய எழுத்துரு இன்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் என்று கருவிக்கு ஒரு முகம் வரும். மூன்றின் அகலமும் வேறு. ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்த டேப் வரிசை ஒரு லேப்டாப்பில் ஒரே வரியாகவும் பக்கத்து லேப்டாப்பில் இரண்டு வரியாகவும் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற ஒன்றை எழுத்துரு வரிசையில் பெயர் சொல்லிச் சேருங்கள். யூனிகோட்-ரேஞ்சில் தமிழ்ப் பகுதியை மட்டும் கொடுத்தால், தமிழ் இல்லாத பக்கங்களில் அந்த ஃபைல் டவுன்லோட் ஆகாது. புதிய எழுத்துருவில் ₹ குறி இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தொகையின் முன்னாலும் வேறு முகத்தில் ஒரு குறி நிற்கும்.

வரி உயரம் 1.2 என்றால் "கி", "ணீ" மேலே இடிக்கும், "கு", "ளூ" கீழே வெட்டுப்படும். ஓவர்ஃப்ளோ மறைக்கப்பட்ட பட்டனில் உகரச் சுழியே காணாமல் போகும். தமிழுக்கு 1.5-க்குக் குறையாமல் தனி டோக்கன் வையுங்கள். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுப்பதைவிட, குறைந்தபட்ச உயரமும் பேடிங்கும் கொடுங்கள். ஸ்டோரிபுக்கில் (காம்பொனென்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் கருவி) ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் "சந்தாவைப் புதுப்பிக்கவும்" போல நீளமான லேபிளோடு ஒரு கதை இருக்கட்டும்.

நீளமான லேபிளை ஜாவாஸ்கிரிப்டில் எண்ணி வெட்டும் கோட் இருந்தால் அதை உடனே எடுங்கள். "ரத்து" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள். நான்கில் வெட்டினால் ஸ்க்ரீனில் "ரத்த…" என்று நிற்கும். வெட்டுவதை சிஎஸ்எஸ் எலிப்சிஸிடம் விடுங்கள்; ஜாவாஸ்கிரிப்டில் வெட்டியே தீர வேண்டும் என்றால் இன்ட்ல் செக்மென்டரை வைத்து எழுத்து எழுத்தாக எண்ணுங்கள்.

படம் எடுத்து ஒப்பிடுதல்

"கோட் மாறியது, தோற்றம் மாறவில்லை" என்பதை நிரூபிக்க ஸ்க்ரீன்ஷாட் ஒப்பீடு வேண்டும். பிளேரைட் என்ற பிரவுசர் டெஸ்ட் கருவி போதும். காம்பொனென்டுகளோடு, ஒவ்வொரு புராடக்டிலும் அதிகம் திறக்கப்படும் 20 பக்கங்களையும் சேருங்கள். எல்லாப் படமும் ஒரே டாக்கர் இமேஜுக்குள் எடுக்கப்பட வேண்டும். ஒருவர் மேக்கிலும் சிஐ லினக்ஸிலும் எடுத்தால் எழுத்தின் ஓரம் வேறுபட்டு எல்லாமே சிவப்பாகும். அனிமேஷனை நிறுத்துங்கள், தேதியை உறையவையுங்கள், எழுத்துரு வந்துசேரும்வரை காத்திருங்கள். பொய் எச்சரிக்கை வாரத்துக்கு இரண்டு வந்தாலே டீம்கள் பார்க்காமல் "அப்ரூவ்" அழுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த நாள், எத்தனை பேருக்கு

முதலில் எந்த புராடக்ட்? மிகச் சிறியதை எடுக்காதீர்கள், அது எதையும் கற்றுத்தராது. ஃபார்மும் டேபிளும் நிறைந்த நடுத்தர அளவு புராடக்ட் ஒன்று முதலில். இரண்டாவதாக, ஜேக்வெரி இன்னும் உயிரோடு இருக்கும் பழைய புராடக்ட். இந்த இரண்டிலும் கிடைக்கும் திருத்தங்களை லைப்ரரிக்குள் போட்ட பிறகே மற்ற 28-ஐத் தொடுங்கள். ஒவ்வொரு புராடக்டிலும் ஒரு டெவலப்பர், ஒரு டிசைனர் என்று பெயர் சொல்லி வாங்குங்கள். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

தோற்றத்தின் ஃபிளாக் வாடிக்கையாளர் நிறுவன அளவில் திரும்ப வேண்டும், தனி யூசர் அளவில் அல்ல. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இருவிதமாகத் தெரிந்தால் ஒருவர் நிச்சயம் சப்போர்ட்டைக் கூப்பிடுவார். முதல் வாரம் உங்கள் கம்பெனி ஊழியர்களுக்கு. பிறகு 5, 25, 50, 100 சதவீத நிறுவனங்களுக்கு, ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வேலை நாள். ஃபிளாகைச் சர்வரிலேயே தீர்மானித்து ஹெச்டிஎம்எல் வேரில் கிளாஸாக வையுங்கள். பிரவுசரில் தீர்மானித்தால் பழைய நிறம் மின்னி மறைந்து புதியது வரும். டோக்கன் ஃபைலின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) இருக்கட்டும். இல்லாவிட்டால் சிடிஎன் கேஷில் பழைய பக்கமும் புதிய சிஎஸ்எஸ்ஸும் ஜோடி சேர்ந்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எரர் எண்ணிக்கை மட்டும் போதாது. "சேமி" பட்டன் அழுத்தப்படும் எண்ணிக்கை முந்தைய வாரத்தின் அதே நாளைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிறுத்துங்கள். பட்டன் எங்கோ கீழே போய் மறைந்திருக்கலாம்.

கிழமையில் செவ்வாய் அல்லது புதன், காலை 10:30. அப்போது அமெரிக்க மேற்குக் கரையில் முந்தைய நாள் இரவு 9 அல்லது 10 மணி. அங்கே கூட்டம் குறைந்திருக்கும், இங்கே டீம் முழுதாக சீட்டில் இருக்கும். இந்திய வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் காலை 7 மணி நல்லது. மாதத்தில் கணக்கு சம்பந்தப்பட்ட புராடக்டுகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருங்கும் 11-ஆம், 20-ஆம் தேதிகளை ஒட்டியோ மார்ச் கடைசியிலோ கை வைக்காதீர்கள். வருடத்தில் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வந்தபோது ஊரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் நெட்டும் இல்லை. அந்த வாரங்களில் 50 சதவீதத்தில் நிற்கும் ரிலீசைக் கவனிக்க ஆள் கிடைக்காது. அதை அடுத்து அமெரிக்க வாடிக்கையாளர்களின் வருடக் கடைசி முடக்கம், பிறகு பொங்கல் லீவு. ஆக, கோட் மாற்றத்தை ஏப்ரல் நடுவில் தொடங்கி, தோற்ற மாற்றத்தை ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடிப்பதுதான் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மொபைலில் ரோல்பேக் என்பதே கிடையாது. புதிய பதிப்பைத்தான் அனுப்ப முடியும். ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீடு ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று தானே ஏறும், இடையில் நிறுத்திவைக்கலாம். பிளே ஸ்டோரில் சதவீதத்தை நீங்களே ஏற்றலாம். இரண்டிலும் தோற்றத்தை ரிமோட் ஃபிளாகுக்குப் பின்னால் வைத்திருங்கள்.

விட்டுப்போகும் இடங்கள்

லாகின் பக்கம், பேமென்ட் பக்கம், 404 பக்கம், வாடிக்கையாளரின் சைட்டில் உட்கார்ந்திருக்கும் சாட் விட்ஜெட், உதவிப் பக்கங்களின் ஸ்க்ரீன்ஷாட்டுகள். பிடிஎஃப் இன்வாய்ஸ். ஈமெயில் டெம்ப்ளேட்டுகளுக்குத் தனி பில்ட் தேவை: விண்டோஸின் பழைய அவுட்லுக் ஈமெயிலை வேர்டின் இன்ஜினில் காட்டுவதால் சிஎஸ்எஸ் வேரியபிள் அங்கே வேலை செய்யாது, டோக்கன்களை நேரடி நிற எண்களாக மாற்றி இன்லைனாக எழுத வேண்டும். டெஸ்டிங் டீமின் செலினியம் ஸ்கிரிப்டுகள் கிளாஸ் பெயரைப் பிடித்து எழுதப்பட்டிருந்தால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் விழும். கோட் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே டெஸ்ட் ஐடி-க்கு மாறச் சொல்லி, அந்த அட்ரிபியூட்டை 4-ஆம் பதிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். ஆப்புக்குள் வழிகாட்டும் டூர் கருவிகளுக்கும் இதே கதிதான். அவற்றை வைத்திருப்பது மார்க்கெட்டிங் டீம் என்பதால் உங்கள் பட்டியலில் வராது, போய்க் கேட்க வேண்டும்.

பழையதை எடுப்பது

ஒவ்வொரு ரெப்போவிலும் 4-ஆம் பதிப்பு இம்போர்ட்டின் எண்ணிக்கையை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, அந்த எண் கூடினால் சிஐ தோல்வியாகும்படி செய்யுங்கள். குறைந்தால் ஃபைல் தானே புதுப்பிக்கப்படட்டும். முதல் நாளே இதைப் போட்டுவிட்டால் புதிதாகச் சேரும் டெவலப்பர் தெரியாமல் பழையதை எடுத்து வைக்க வழியில்லை. எண் பூஜ்யமான ரெப்போவில் பழைய பேக்கேஜை முழுத் தடையாக இஎஸ்லின்ட் (கோடைச் சரிபார்க்கும் கருவி) விதியில் சேருங்கள்.

4-க்கு இனி செக்யூரிட்டி திருத்தம் மட்டும்தான், அதுவும் எந்தத் தேதிவரை என்பதை ஆரம்பத்திலேயே அறிவியுங்கள். 27 புராடக்ட் நகர்ந்து 3 மட்டும் நிற்கும்போது, அந்த மூன்றுக்கும் டிக்கெட் போட்டுக் காத்திருக்காதீர்கள். உங்கள் டீமிலிருந்து இருவரை இரண்டு வாரம் அந்த டீமோடு உட்கார வையுங்கள். பெரும்பாலும் தடுப்பது ஒரே ஒரு டேபிளோ டேட் பிக்கரோதான். கடைசி ரெப்போவும் பூஜ்யமானதும் என்பிஎம்மில் பழைய பேக்கேஜை டிப்ரிகேட் செய்யுங்கள். அழிக்க வேண்டாம், பழைய ரிலீஸ் பிராஞ்சுகளை பில்ட் செய்ய அது வேண்டியிருக்கும். ஃபிக்மாவில் பழைய லைப்ரரியின் வெளியீட்டை விலக்குங்கள். ஏற்கெனவே வரைந்த ஃபைல்கள் உடையாது; புதிய ஃபைலில் யாரும் அதை எடுத்து வைக்க முடியாது. பிறகு டோக்கன் பாலத்திலிருந்து மாற்றுப் பெயர்களை ஒரு பிஆரில் நீக்கி, 6.0 என்று வெளியிடுங்கள்.